கூலி: ஒரு சொல்லும் நமது பெருமிதமும்

தமிழ்த் தினப் போட்டிகள் நெருங்கும் காலத்தில் எமது பாடசாலைகளிலே மாணவர் மனனஞ் செய்யும் பட்டியலொன்று உண்டு. ஆங்கிலத்துக்குத் தமிழ் ஈந்த கொடை என்பது பெரும்பாலும் அதன் தலைப்பு. கட்டுமரம் 'கற்றமறான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுதண்ணீர் 'மலிகற்றோனி' ஆயிற்று. காசு 'காஷ்' ஆயிற்று. கறியும் கூலியும் ஏறக்குறைய அப்படியே சென்றன. உலகை ஆண்ட மொழியே எம்மிடம் கடன்பட்டதென்று பேச்சாளர் குரலை உயர்த்துவார், சபை கைதட்டும். இத்தகைய பேச்சுகளை எழுதிக் கொடுத்த குற்றம் எம்மையும் சாரும் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறோம்.

அண்மையில் ஒரு மாணவி இப்பட்டியலை ஒப்புவித்துக்கொண்டு வந்தவள், கூலி என்ற சொல்லை அடைந்ததும் தயங்கி நின்றாள். "இதையும் நாங்கள் பெருமையாய்ச் சொல்ல வேணுமோ, சேர்?" என்று கேட்டாள். அவளுடைய தந்தை பிறருடைய தோட்டங்களில் நாட்கூலிக்குக் கொத்துபவர். எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. அவ்வினாவுக்குரிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பட்டியலை முதலில் மொழிநூல் நோக்கிற் சோதித்தல் நன்று. கையிலுள்ள பணத்தைக் குறிக்கும் 'காஷ்' என்ற வழக்கமான ஆங்கிலச் சொல், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறுநாணயங்களையும் ஐரோப்பியர் அதே ஒலியால் அழைத்தனர். அந்தச் சொல்லே எமது காசிலிருந்து போர்த்துக்கேயர் வாயிலாகச் சென்றது. ஒலியொற்றுமையால் மயங்கி இரண்டையும் ஒன்றாக்கி, இலண்டன் வங்கிப் பணத்துக்கெல்லாம் நாமே பெயரிட்டோமென மகிழ்வது அறியாமை. அரிசி என்ற சொல்லே கிரேக்க மொழி வழியாக ஆங்கிலம் புகுந்தது என்ற கூற்றும் அறிஞரிடையே முடிவு காணாத ஒன்றாகும்.

ஆயினும் இப்பிழைகள் சிறியன. சொற்கள் யாரோடு சென்றன, ஏன் சென்றன என்ற வினாக்களை இப்பட்டியல் எழுப்புவதேயில்லை என்பதுதான் பெரும்பிழை. சொற்கள் தாமாகக் கடல் கடப்பதில்லை. மனிதரும் பண்டங்களுமே அவற்றைச் சுமந்து செல்கின்றனர். சென்னைக் கரையிலே பெருங்கப்பல்கள் அணையத் துறைமுகமில்லாத காலத்தில், அலைகளைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதங்களைக் கொண்டுசென்ற கடற்றொழிலாளரின் உழைப்போடு சேர்ந்தே கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலேயரின் ஏடுகளில் இடம்பெற்றது. பறையோடு பிணைத்துப் பேசப்படும் ஒரு சமூகத்தின் பெயர் 'பறையா' என்று சென்று, இன்று உலகப் பத்திரிகைகளில் ஒதுக்கப்பட்ட மனிதரையும் நாடுகளையும் குறிக்க வழங்குகின்றது. இதனைக் கொடைப் பட்டியலிற் சேர்க்க எம்மவர் கூசுவர். ஏனெனில் அச்சொல் ஆங்கிலேயரைக் காட்டுவதிலும் எம்மையே காட்டிக்கொடுக்கின்றது. கூலியும் அத்தகைய சொல்லே. அதனை மட்டும் எவ்விதக் கூச்சமுமின்றிப் பட்டியலில் வைத்திருக்கிறோம்.

* * *

ஆங்கிலத்தில் இச்சொல் 17-ஆம் நூற்றாண்டளவில் வழக்கிலிருந்தது. அங்கே அது ஊதியத்தைக் குறிப்பதன்று. ஊதியத்துக்காக உடலுழைப்புச் செய்யும் ஆசிய மனிதனையே குறித்தது. அதன் பிறப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. யூல், பேர்ணல் என்ற இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் சொற்களஞ்சியம் இதனை விரிவாக ஆராய்கின்றது. மேற்கிந்தியாவில், சிறப்பாகக் குஜராத்தில் வாழும் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து அது தோன்றியிருக்கலாம் என்பது ஒரு கொள்கை. ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே அதன் மூலம் என்பது இன்னொன்று. அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல்லொன்றும் இத்தொடர்பிற் பேசப்படுகின்றது. மேற்குக் கரையில் ஐரோப்பியர் செவியில் விழுந்த ஒரு சமூகப் பெயரும், தென்னாட்டில் அவர்கள் நாள்தோறும் கேட்ட கூலி என்ற சொல்லும் கலந்தே அது நிலைபெற்றது எனக் கொள்வது பொருத்தமாகும். ஆகவே, 'நாமே கொடுத்தோம்' என்ற உரிமைப் பேச்சு மொழிநூலளவிலும் முழுமையாக நிலைநிற்பதன்று.

எனினும், இம்மூன்று கொள்கைகளையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். ஒன்று பிறப்பாற் குறிக்கப்பட்ட சமூகத்தின் பெயர். மற்றொன்று வேலைக்குரிய ஊதியத்தின் பெயர். இன்னொன்று அடிமையின் பெயர். பிறப்பாலே தாழ்ந்தவனென்று எண்ணி, ஊதியத்துக்கு அமர்த்தி, அடிமையைப் போல நடத்துதல் என்பதே 19-ஆம் நூற்றாண்டில் அச்சொல்லின் பொருளாகவும் இருந்தது. மூலம் எதுவாயினும் வழக்கு மூன்றையும் விழுங்கிக்கொண்டது.

தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்கவேண்டிய இலக்கணச் செய்தியொன்றும் இதில் உண்டு. தமிழிற் கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். ஏற்றுகூலி, இறக்குகூலி, சுமைகூலி, வண்டிக்கூலி, செய்கூலி, நாட்கூலி என்ற தொடர்களிலெல்லாம் அது வேலையின் விலையாகவே நிற்கின்றது. அதனைப் பெறும் மனிதனைச் சுட்ட வேண்டுமாயின், கூலியாள் என்றோ கூலிக்காரன் என்றோ இன்னொரு சொல்லை, அல்லது விகுதியைச் சேர்க்க வேண்டும். ஆங்கிலேயர் வாயிலே கூலி நின்றது; ஆள் விடுபட்டது. நன்னூல் படித்த மாணவன் இதனை ஆகுபெயர் என்று கூறி மேலே செல்வான். ஆனால் ஒன்றன் பெயரை அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு இடுவோர், எந்தத் தொடர்பைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதிலே அவர்களுடைய பார்வை வெளிப்படும். தோட்டத்துரைக்குத் தன் முன்னே நின்றவனின் ஊரோ பெயரோ தேவைப்படவில்லை. கணக்கேட்டிலே அவனுக்காக எழுதவேண்டியிருந்த செலவு ஒன்றே தேவைப்பட்டது. அச்செலவின் பெயரே அம்மனிதனின் பெயராயிற்று.

* * *

தமிழிலே இச்சொல்லுக்கு ஒரு காலத்தில் மதிப்பிருந்தது. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்து 619-ஆம் குறளில் அது இடம்பெறுகின்றது. ஊழ் துணைநில்லாத இடத்தும், உடலை வருத்திய முயற்சி தனக்குரிய பயனைத் தராமற் போகாது என்பது அக்குறளின் கருத்து. அங்கே கூலி இழிசொல்லன்று. உழைத்தவனுக்கு ஊழும் மறுக்கவியலாத உரிமையின் பெயர்.

திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலம் எமது ஊர்களிற் சிறு பிள்ளைகளும் அறிந்த கதை. வைகையின் கரையை அடைக்க வீட்டுக்கொருவர் வரவேண்டுமென அரசன் கட்டளையிடுகின்றான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு மண் சுமக்கின்றான். வேலை முடியவில்லையென அரசன் பிரம்பால் அடித்தபோது, அந்த அடி எல்லா உயிர்கள் மீதும் படுகின்றது. பக்தர்கள் இதில் இறைவனின் எளிவந்த தன்மையைக் காண்பர். நாம் வேறொன்றையும் காண்கிறோம். அரச கட்டளைக்கு இலவச உழைப்புக் கொடுக்க வேண்டிய சமுதாயமொன்றில், ஏழைக் கிழவியின் சுமை எத்தகையது என்பதும், உழைப்பவனுடைய முதுகே பிரம்புக்குரிய இடமாகக் கருதப்பட்டது என்பதும் இக்கதையிற் பதிந்துள்ளன. கூலியாளின் முதுகில் விழும் அடி எல்லார் முதுகிலும் விழுவதே என்று ஒரு கதை சொல்லத் துணிந்ததே, அது சிறிய செய்தியன்று.

ஆயினும், எமது பழைமையைப் பொற்காலமாகச் சித்திரித்து, கெடுத்தவர் அந்நியர் மட்டுமே என்று முடிப்பது பட்டியற் பெருமிதத்தின் மறுபக்கமாகவே முடியும். யாழ்ப்பாணத்தின் வரலாறு அதற்கு இடந்தராது. ஒல்லாந்தர் 1707-இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் அடிமைகளைப் பற்றித் தனியே விதிகள் கூறுகின்றது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844-ஆம் ஆண்டிலேயே. சட்டம் ஒழித்த பின்னரும் குடிமை முறை நின்றது. நிலமுடையோரின் வயலிலும் வீட்டிலும், திருமணத்திலும் மரணத்திலும், இன்னார் இன்ன தொண்டு செய்தல் வேண்டுமென்பது பிறப்பால் வகுக்கப்பட்டிருந்தது. அத்தொண்டுக்கு உணவும் நெல்லும் துணியும் கிடைக்கலாம். பேசித் தீர்த்த விலை கிடையாது. இந்நிலையின் கொடுமையைக் கே. டானியல் 1972-இல் வெளிவந்த 'பஞ்சமர்' முதலிய நாவல்களில் வரைந்து காட்டினார்.

இத்தகைய சமுதாயத்தில், 'இந்த வேலைக்கு இவ்வளவு கூலி தந்தால் வருவேன். தராவிட்டால் வரமாட்டேன்' என்று ஒருவன் சொல்ல முடிந்த நாள் ஒரு விடுதலை நாளே. கூலி என்ற சொல் குடிமையின் கட்டை அறுத்தது. அடிமைக்குக் கூலியில்லை, கூலி பேசுபவன் அடிமையல்லன். சுன்னாகத்திலிருந்து 1966 ஒக்டோபர் 21-ஆந் தேதி புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தையும், 1968-இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் நாம் நினைவுகூரும்போது, அவற்றின் பின்னணியில் இப்பொருளாதார மாற்றமும் நின்றதை மறத்தலாகாது. நிலமுடையோனின் தயவையே நம்பியிருந்தவன் அவன் வழிபடும் கோயில் வாசலில் அவனுக்கெதிரே நிற்பது அரிது. தன் கையின் விலையைத் தானே பேசக் கற்றவனால் அது கூடும்.

அதே வேளை, சொல்லைத் தாழ்த்தும் வேலையையும் எம்மவர் செய்தே வந்தனர். கூலிக்கு மாரடித்தல் என்ற வழக்கு இதற்குச் சான்று. காசு பெற்றுச் செத்தவீட்டில் அழுபவளின் துக்கம் பொய் என்று அவ்வழக்கு ஏளனஞ் செய்கின்றது. தம் வீட்டுத் துக்கத்துக்குத் தாம் அழாமல் ஆள் பிடித்தோரைப் பற்றி அது ஒன்றுஞ் சொல்வதில்லை.

* * *

இனி, கடல் கடந்த கதைக்கு வருவோம். பிரித்தானியப் பேரரசின் குடியேற்றங்களில் 1834-இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆட்பஞ்சம் தோன்றியது. அதே ஆண்டிலேயே மொரீசியசுக்கும், 1838-இல் பிரித்தானிய கயானாவுக்கும், 1845-இல் திரினிடாட்டுக்கும், 1860-இல் நேட்டாலுக்கும், 1879-இல் பிஜிக்கும் இந்தியர் ஒப்பந்தத்தின் பேரில் ஏற்றிச் செல்லப்பட்டனர். நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. இந்தக் கப்பல்களே எமது சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றன. சீனாவிலிருந்து கியூபாவுக்கும் பெருவுக்கும் கொண்டுசெல்லப்பட்டோருக்கும் அதே பெயர் இடப்பட்டது. சீனர் அதனைத் தம் மொழியில் எழுதுகையில், கசப்பு என்றும் வலிமை என்றும் பொருள்படும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தனர். தமிழரின் ஊதியச் சொல் சீனரிடம் கசந்த உழைப்பு என்ற பொருளைப் பெற்றது. இச்சொல்லுக்கு எழுதப்பட்ட உரைகளுள் இதுவே சிறந்ததென நாம் கருதுகிறோம்.

இலங்கைக்கு வந்தோர் பெரும்பாலும் ஒப்பந்தத்தாலன்றிக் கங்காணி முறையாலும் கடனாலும் கட்டப்பட்டு வந்தனர். கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வரை நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி சிறைக்குச் செல்லவேண்டியவனானான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறவேண்டுமாயின், அவனது கடனைக் குறித்த 'துண்டு' அவனோடு சென்றது. அம்முறை 1921-இலேயே ஒழிந்தது. அவனது ஆன்மாவை மீட்கக் கண்டியில் 1854-இல் தோன்றிய கிறித்தவ அமைப்பின் பெயரும் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதே. இரட்சிக்க வந்தவர்களுக்கும் அவன் கூலியாகவே தோன்றினான்.

துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த கைநூல்களையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். அவற்றுளொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. தொல்காப்பியத்தையும் சங்கப் பாடல்களையும் உடைய மொழிக்கு, அதனைப் பேசிய ஏழைகளை முன்னிட்டு இப்பெயர் இடப்பட்டது. இன்னொன்றின் பெயர் 'இங்கே வா'. சின்னத்துரைமார் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதற்கென்றே அது எழுதப்பட்டது. ஒரு மொழியை நாடிச் செல்வோர் அதில் முதலிற் கற்கவேண்டியது ஏவல் வினைமுற்று என்று அந்தத் தலைப்பே கூறிவிடுகின்றது.

எமது மாணவரின் பட்டியலுக்குப் பதிலாக வேறொரு பட்டியலை நாம் முன்வைக்கலாம். மலைநாட்டுத் துரைமாரின் ஆங்கிலம் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டவை கூலி, கங்காணி, கணக்கப்பிள்ளை, துண்டு என்பன. அங்கே தமிழ் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டவை லயன், பெரட்டு, செக்றோல் என்பன. உழைக்கும் மனிதன், அவனை மேய்ப்பவன், கணக்கெழுதுபவன், கடன் ஆகியவை ஒருபுறம். அடைத்து வைக்கும் வரிசை வீடு, காலையில் நிரையாக நிறுத்தும் களம், பெயர்ப் பதிவு ஆகியவை மறுபுறம். இரண்டு மொழிகளுக்கிடையே நடந்த இந்தப் பண்டமாற்றைப் படித்தாற் பெருந்தோட்டப் பொருளாதாரம் முழுவதும் விளங்கும்.

* * *

தென்னாபிரிக்காவில் 1893-இல் இறங்கிய காந்தி, தாம் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டதைத் தமது சுயசரிதையில் எழுதியுள்ளார். அங்கிருந்த இந்தியர் அனைவரையும் வெள்ளையர் அச்சொல்லாலேயே இகழ்ந்தனர். அந்நூலில் எமது கவனத்துக்குரிய செய்தி இன்னொன்று. இப்பழிச்சொல்லிலிருந்து தப்புவதற்காக முஸ்லிம் வணிகர் தம்மை அராபியர் என்றனர். பார்சிகள் தம்மைப் பாரசீகர் என்றனர். சொல்லின் அநீதியை எதிர்க்காமல், அது தமக்குப் பொருந்தாதென்று காட்டுவதிலேயே அவர்கள் முயன்றனர். பல்லுடைந்து இரத்தம் வழியத் தம்மிடம் வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியின் வழக்கைக் காந்தி கையேற்ற பின்னரே, ஒப்பந்தத் தொழிலாளர் அவரைத் தம்மவராகக் கண்டனர்.

அந்த வணிகரின் செய்கையை எண்ணி நகைக்க எமக்கு உரிமையுண்டா? யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் செய்ததும் அதுவேயன்றோ? மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்ற எம்மவர் மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் புகையிரத உத்தியோகத்தராகவும் சென்றனர். அதே மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் தமிழகத்துத் தமிழர் பால் வெட்டினர். தாம் வேறு, அவர்கள் வேறு என்று காட்டுவதில் எம்மவர் காட்டிய அக்கறை சிறிதன்று. ஊருக்குத் திரும்பிய மலாயன் பென்சனியர், பணத்தோடு அந்த வேறுபாட்டையும் கொண்டுவந்தனர். இலங்கைத் தோட்டங்களிலும் எம்மவரிற் சிலர் கணக்கேட்டின் பக்கமே நின்றனர். ஆங்கிலேயரின் கூலி என்ற சொல்லுக்கு நிகராக, 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை எமது மொழியிலேயே ஆக்கிக்கொண்டோம். இதற்கு எந்த ஆங்கிலேயனும் பொறுப்பல்லன்.

சொல்லின் அலட்சியம் அரசியலிலும் விளைந்தது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. இடதுசாரிகள் அதனை எதிர்த்தனர். அவ்வாண்டின் இறுதியில் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதா வந்தபோது, யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைமை இரண்டாகப் பிளந்தது. அமைச்சராகிவிட்ட ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஒருபுறமும், எஸ். ஜே. வி. செல்வநாயகம் மறுபுறமும் நின்றனர். 1949-இல் தமிழரசுக் கட்சி தோன்றியது அப்பிளவிலிருந்தே. 1964-இல் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று பங்கிட்டது. அம்மனிதரில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003-இலேயே நிறைவேறியது.

அக்காலத்திலே யாழ்ப்பாணத்து வீடுகளின் அடுக்களைகளில் மலையகச் சிறுவரும் சிறுமியரும் இருந்தனர். படிக்கவேண்டிய வயதில் பாத்திரம் துலக்கினர். எமது பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தெருப்படலையை அவர்கள் சாத்தினர். 1970-களின் பஞ்சத்தாலும் 1977-இன் இன வன்செயலாலும் வன்னிக்கு வந்து சேர்ந்த மலையக மக்கள், எம்மவரின் நிலங்களில் நாட்கூலிக்கு நின்றனர். கூலி என்ற சொல்லை வெள்ளையன் எவ்வாறு ஆண்டான் என்று கேட்கும் நாம், அதே சொல்லைக் கிளிநொச்சி வயல் வரம்பில் நின்று எவ்வாறு ஆண்டோம் என்றும் கேட்டாக வேண்டும்.

* * *

ஆசிரியர்களாகிய எமக்கு இதில் நேரடியான பங்கொன்று உண்டு. நாம் பெறுவது சம்பளம். எமது மாணவியின் தந்தை பெறுவது கூலி. இரண்டுக்கும் இடையே பெருமதிலொன்று இருப்பதாக எமது சமுதாயம் நம்புகின்றது. பெண் பார்க்கும் இடத்திலும் கடன் கேட்கும் இடத்திலும் அம்மதில் தெளிவாகத் தெரியும். சொல்லாராய்ச்சியோ அம்மதிலை ஒத்துக்கொள்வதில்லை. சம்பளம் என்பது சம்பு என்ற நெல்லும் அளம் என்ற உப்பும் சேர்ந்த சொல் என்பர் சிலர். வழியுணவைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் உழைத்தவனுக்கு அளந்த உணவே அது. ஆங்கிலேயரின் 'சலறி' என்ற சொல்லும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. வேதனம் என்ற வடசொல்லின் நேர்ப்பொருளும் கூலியே.

இன்னொரு சொல் இதனினும் வியப்பானது. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்பது சில சமூகத்தவரிடம் அரசு அறவிட்ட கட்டாய உழைப்பின் பெயர். இன்றோ, அரசாங்க ஊழியர் என்றாற் பெருமை. ஊதியமில்லாத கட்டாய வேலையின் பெயர் உயர்ந்துவிட்டது. ஊதியத்தோடு கூடிய வேலையின் பெயர் தாழ்ந்துவிட்டது. சொற்களிலேயே உயர்வு தாழ்வு இருந்திருந்தால் இது நிகழ்ந்திருக்க முடியாது. அவற்றை அணிந்துகொண்ட வர்க்கங்களின் நிலையே அவற்றின் நிலையாயிற்று.

மலையகத்தில் ஒருநாள் வேலைக்கான பதிவைப் 'பேர்' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். பேரேட்டில் ஒருவருடைய பெயருக்கு எதிரே இடும் அடையாளத்திலிருந்து வந்த வழக்கு இது. ஆங்கிலம் மனிதனின் ஊதியத்தை எடுத்து அவனுக்குப் பெயராக வைத்தது; தோட்டமோ அவனது பெயரையே எடுத்து ஊதியத்துக்கு அளவையாக்கியது. மாலையில் கொழுந்துக் கூடையை நிறுத்தபின், 'இன்றைக்கு அரைப் பேர்தான்' என்று ஒரு தாய் தன் பிள்ளைகளிடம் கூறுவதிலுள்ள அவலத்தை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

2021-ஆம் ஆண்டிலே, நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆசிரியர்களும் அதிபர்களும் தமது சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி, இணையவழிக் கற்பித்தலிலிருந்து மாதக்கணக்காக விலகி நின்றனர். இரண்டும் நியாயமான போராட்டங்கள். எமது ஆசிரியர் ஓய்வறைகளில் இவ்விரண்டையும் ஒரே கோரிக்கையின் இரு முகங்களாகப் பேசியோர் எத்தனை பேர்? எமது சம்பளம் உரிமையாகவும் அவர்களுடைய கூலி அனுதாபத்துக்குரிய செய்தியாகவும் எமக்குத் தோன்றும் வரை, ஆங்கில அகராதியின் கூலி எமது உள்ளத்திலும் குடியிருக்கின்றது என்பதே பொருள்.

* * *

சொல்லை விலக்கிவிட்டால் தீருமா? இன்றைய ஆங்கில அகராதிகள் இச்சொல்லைப் புண்படுத்தும் சொல்லென்று குறிக்கின்றன. மொரீசியசில் கப்பலிலிருந்து இறங்கிய தொழிலாளர் ஏறிவந்த படிக்கட்டுத்துறை முன்னர் 'கூலித்துறை' எனப்பட்டது; இன்று 'ஆப்பிரவாசித் துறை' என்ற பெயருடன் 2006 முதல் உலக மரபுரிமைத் தலமாக விளங்குகின்றது. அந்நாட்டுக் கவிஞர் கால் தொராபுல்லி வேறு வழியைத் தேர்ந்தார். பழிச்சொல்லையே எடுத்து, 1992-இல் 'கூலித்துவம்' எனப் பொருள்படும் புதுச்சொல்லொன்றை ஆக்கி, கடல் கடந்து உழைத்த பல இனத்தவருக்கும் உரிய பொது நினைவின் பெயராக அதனை நிறுத்தினார். முல்க் ராஜ் ஆனந்த் 1936-இலேயே தமது நாவலுக்கு அச்சொல்லைத் தலைப்பாக்கினார். தமிழிலே புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் துயரை எழுதிற்று. மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து, அவர்கள் தம்மைத் தாமே எவ்வாறு பாடினர் என்பதை எமக்குக் காட்டினார்.

இம்முயற்சிகள் யாவும் போற்றத்தக்கன. ஆயினும் பெயர் மாற்றத்தோடு நின்றுவிடலாகாது. கூலி லயன் என்ற வழக்கில் கூலி மறைந்துவிட்டது. லயன் இன்றும் நிற்கின்றது. தொழிலாளி என்று மதிப்பாக அழைத்து அரைப் பேர் போடுவதால் ஆகும் பயன் யாது? சொல்லைத் திருத்துவதும் வாழ்க்கையைத் திருத்துவதும் ஒருங்கே நடைபெறல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து அகராதி மரபு பெருமைக்குரியது. 1842-இல் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதி 58,500 அளவிலான சொற்களைத் தொகுத்தது. உடுவிலில் வாழ்ந்த வின்சுலோவின் பேரகராதி 1862-இல் வெளிவந்தபோது, அதன் பின்னே யாழ்ப்பாணத்துப் புலவர்களின் உழைப்பு இருந்தது. சொற்களைத் தொகுக்கக் கற்பித்த அம்மண்ணிலே, சொற்களை வினவக் கற்பிப்பதே இன்றைய தமிழாசிரியரின் கடமை. கட்டுமரத்தையும் சுருட்டையும் கூலியையும் மாணவருக்குக் கற்பிப்போம். ஆனால் கொடைப் பட்டியலாகவன்று. கட்டுமரத்திற் சென்றவர் யார், சுருட்டைச் சுற்றியவர் யார், கூலிக்குச் சென்றவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்ற வினாக்களோடு கற்பிப்போம்.

அந்த மாணவிக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுதான்: பெருமையாய்ச் சொல்ல வேண்டாம், வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். அச்சொல்லைக் களங்கப்படுத்தியவர் உன் தந்தையல்லர். அவர் பெறும் கூலி, உடல் வருந்திய உழைப்புக்கு மறுக்கவியலாத உரிமை என்று வள்ளுவர் கண்ட அதே கூலி. அது குறைவாக இருப்பதே வெட்கத்துக்குரியது. அந்த வெட்கம் உனக்குரியதன்று, குறைத்துக் கொடுப்போருக்கும் அதனைப் பார்த்திருக்கும் எமக்கும் உரியது.

இவ்வாண்டுப் போட்டியில் அவள் பேசப்போகும் பேச்சை நாம் எழுதிக் கொடுக்கவில்லை. அவளே எழுதுகின்றாள்.